மழை பெய்தால் தூங்காத சகோதரியைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

சேரம்பாடி டீச்சர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் சபை சின்னது, பெரும்பாலும் எஸ்டேட் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பக்கம் மலை சரிந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நீலகிரியில் எங்கள் பந்தலூர், சேரம்பாடி பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களும் பெண் கொடுத்தவர்களும் நிறைய. சூரல்மலைக்குப் பக்கத்து ஊரான மேப்பாடி வேறு மாநிலம் என்ற நினைப்பே எங்களுக்குக் கிடையாது. செய்தி கேட்டதும் சகோதரியும் அவர் கணவரும் கிளம்பிப் போனார்கள். மேப்பாடியில் தேடினார்கள், சாலியாற்றில் அடித்து வந்த உடல்களைப் பார்க்க நிலம்பூர் வரை போனார்கள். தங்கை கிடைத்தாள். தங்கை மகன் கிடைக்கவில்லை.

இப்போது பகலில் கொழுந்து பறிக்கப் போகிறார், ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார், பாட்டுப் பாடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கதவோரம் வைத்திருக்கிறார். ஜூன் பிறந்ததும் பிள்ளைகளைச் செருப்போடு படுக்க வைக்கிறார். பெரியவன் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறான், அப்படித்தான் எனக்கு விஷயமே தெரிய வந்தது.

எங்கள் பாஸ்டர் நல்லவர். அந்த நாட்களில் அவரும் பாஸ்டரம்மாவும்தான் அந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வரப்போகும் கன்வென்ஷன் கூட்டத்தில் “கர்த்தர் என்னைத் தேற்றினார்” என்று அந்தச் சகோதரி மேடையேறிச் சாட்சி (தேவன் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்வது) சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நோட்டீஸில் பெயரும் போட்டாயிற்று. நேற்று சகோதரி என்னிடம் வந்து, “அக்கா, எனக்கு இன்னும் தேறலையே. மேடையில ஏறிப் பொய் சொல்லணுமா?” என்று கேட்டார்.

எனக்கு வேதத்தை வைத்தும் பதில் வேண்டும், மனநலம் தெரிந்தவர்களின் பதிலும் வேண்டும்.

ஜெபக்குழு கோத்தகிரி:

சிஸ்டர், சாட்சி சொல்லச் சொல்ல பாரம் இறங்கும். “ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும்” ஜெயித்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. உணர்ச்சியை வைத்து விசுவாசத்தை அளக்கக்கூடாது. தேறவில்லை என்று வாய் சொன்னால் அதுவே அவரைப் பிடித்துக்கொள்ளும். விசுவாசத்தோடு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தச் சகோதரியைத் தாங்குகிறோம். பெயரைத் தெரிவித்தால் ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

மஞ்சூர் அண்ணன்:

ஜெபிக்கிறேன் டீச்சர். பெயரை மட்டும் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உதகை நர்ஸம்மா:

டீச்சர், நான் நர்ஸ். பிறகு ஆலோசனைப் பணிக்கும் படித்தேன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அவரை மேடையில் ஏற்ற வேண்டாம்.

அவருக்கு நடப்பது விசுவாசக் குறைவு கிடையாது. உயிருக்கு ஆபத்து வந்த நேரத்தில், அல்லது அதன் கோரத்தை நேரில் பார்த்த நேரத்தில், மூளை அந்த நேரத்துச் சத்தம், வாசனை எல்லாவற்றையும் ஆபத்தின் அடையாளமாகப் பதித்துக்கொள்கிறது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே போதும், யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், தூக்கம் போய்விடும். மழைதானே என்று புத்திக்குத் தெரியும், உடம்பு கேட்காது. நிலம்பூரில் அவர் வரிசையாகப் பார்த்த முகங்களும் இதில் சேரும். மலை சரிந்த இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் இது வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லோருக்கும் இப்படித் தங்கிவிடாது. பேரழிவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொந்தபந்தம், வேலை, வழிபாடு என்று பழைய வாழ்க்கைக்குள் திரும்பும்போது மெல்லத் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, நடந்ததை நினைவூட்டும் எதையும் பார்க்க முடியாத நிலை எல்லாம் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. சிகிச்சையும் இருக்கிறது. பயிற்சி பெற்றவரோடு பாதுகாப்பான அறையில், கொஞ்சம் கொஞ்சமாக, அவர் போகும் வேகத்தில் அந்த நினைவை அணுகும் பேச்சு சிகிச்சை முறைகள் நன்றாகப் பலன் தருகின்றன. தேவைப்பட்டால் டாக்டர் மாத்திரையும் கொடுப்பார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தக்கூடாது.

நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் மருத்துவத் துறையிலேயே நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது அது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. உலக சுகாதார அமைப்பு இப்போது அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அவர்கள் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியில் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றுதான் இருக்கிறது. என்ன தேவை என்று பார், அவர் சொல்வதைக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்து வை. மொத்தமே அவ்வளவுதான். ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடிப்பது இதில் எதிலும் வராது.

மழை ராத்திரிக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். பதற்றம் ஏறும்போது லைட்டைப் போட்டு, இரண்டு பாதத்தையும் சிமெண்ட் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லட்டும்: அடுப்பு, குடம், காலண்டர், பையனின் புத்தகப்பை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே மெதுவாக விடட்டும். தெரிந்த சங்கீதம் இருந்தால் சத்தமாகச் சொல்லலாம். இது நோயைத் தீர்க்காது, அந்த ராத்திரியைத் தாண்ட உதவும்.

பையை எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். அது அவருக்கு இப்போது தைரியம். அதோடு, பந்தலூர் தாலுக்காவில் மழைக்காலத்தில் தயாராக இருப்பது நியாயமான காரியமும்கூட.

குன்னூர் ஓய்வு ஆயர்:

அம்மா, நர்ஸம்மா சொன்னதை முழு மனதோடு வழிமொழிகிறேன். வேதத்தை வைத்துக் கேட்டீர்கள், அதற்கு நான் சொல்கிறேன்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். குன்னூர், கோத்தகிரி சாலைகள் அறுந்து கிடந்தன. அப்போது நான் ஊழியத்தில் இருந்தேன். ஒரு சபையில், மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் ஆராதனைக்கு வர மறுத்துவிட்டார். சாயங்காலம் ஆலயத்தைத் திறந்து விளக்குப் போடும் நேரத்துக்கு மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆலயத்தைப் பூட்டும் அண்ணன் அவரை எதுவும் கேட்கமாட்டார். ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவார். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. ஒருநாள் அந்த மனிதர் தானாகவே ஒரு புத்தகத்தை எடுத்து அட்டை போட ஆரம்பித்தார். அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் மனைவியைப் பற்றி முதல் வார்த்தை பேசினார். அதுவும் என்னிடம் பேசவில்லை, அந்த அண்ணனிடம்தான். சபையில் அன்று நடந்த சிறந்த ஆற்றுப்படுத்தல் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகல் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல ஊழியர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதற்குத்தான் கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டார். 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிகிறது. ஆனாலும் அது ஜெபம், ஆராதனையில் பாடப்பட்ட ஜெபம். “எனக்கு இன்னும் தேறவில்லை” என்று அந்தச் சகோதரி சொல்வதும் அப்படியே தேவனிடம் சொல்லத்தக்க ஜெபம். கோத்தகிரி சகோதரரே, நீங்கள் சொன்ன வசனத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் அந்தச் சாட்சி உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா? சமாதானம் இல்லாதபோதே சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்குகிறவர்களை எரேமியா எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்!

டான்டீ பேத்தி:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர். ஒரு மகனுக்கு அங்கே குடியுரிமை, மற்றவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று குடும்பம் இரண்டாகப் போயிற்று. கோச்சி (ரயில்) ஏறியது, மண்டபம் கேம்ப், அப்புறம் இந்தக் குளிரில் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. இதையெல்லாம் எங்களிடம் கதையாக ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

சாவு வீட்டில் மட்டும் ஒப்பாரியில் எல்லாம் வரும். யார் செத்தாலும் சரி, மாரில் அடித்துக்கொண்டு, விட்டுவந்த மகனை, நாய்க்குட்டியை, லயத்து வாசல் கொய்யா மரத்தைப் பாடுவார். சுற்றி உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் அதே வழியில் வந்தவர்கள், சேர்ந்து அழுவார்கள். அடுத்த நாள் அப்பத்தா தெளிவாக வேலைக்குப் போவார். பிறகு சபையில் சேர்ந்தோம். விசுவாசிகள் ஒப்பாரி வைக்கக்கூடாது, “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல” துக்கிக்கக்கூடாது என்று சொன்னார்கள். அப்பத்தா கீழ்ப்படிந்தார். அதோடு வாயும் மூடிக்கொண்டது. கடைசி வருடங்களில் ராத்திரி முழுக்க முந்தானையை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

பவுல் அழாதே என்று எங்கே சொன்னார்? இயேசுவே லாசருவின் கல்லறையில் அழுதார். புலம்பல் என்று ஒரு முழுப் புத்தகமே வேதத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்த மலையில் எத்தனையோ சபைகளில் துக்க வீட்டுக்குப் போனால் முதல் பத்து நிமிடத்தில் “அழாதீங்க, கர்த்தர் சித்தம்” என்று வாயை அடைத்துவிடுகிறோம். டீச்சர், உங்கள் சகோதரி தங்கை மகனுக்காக ஒருமுறையாவது வாய்விட்டு அழுதாரா? உடல் கிடைக்காத பிள்ளைக்கு அடக்கமும் இல்லை, துக்க நாளும் இல்லை. அந்தப் பையன் பெயரைச் சொல்லி ஒரு ஜெபக்கூட்டமாவது நடத்துங்கள்.

பெயர் வேண்டாம்:

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். என் கதை வேறு. மலை சரிந்த வீடுகளுக்கு எல்லோரும் அரிசி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிறவளுக்கு ஜெபம் மட்டும் வருகிறது.

என் வீட்டுக்காரர் சபையில் முக்கியமான ஆள். கை ஓங்குவார், கழுத்தைப் பிடிப்பார். ஆலோசனைக்குப் போனால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, “மன்னித்துவிடுங்கள் சிஸ்டர்” என்று சொல்லி, கையைக் கோத்து ஜெபித்து அனுப்பினார்கள். அவர் எதிரில் நான் என்ன பேசுவேன்? வீட்டுக்கு வந்ததும், வெளியே சொன்னதற்காக மறுபடியும் அடி. நான் பதறுவதைப் பார்த்து எனக்குள் ஏதோ பிசாசின் கட்டு இருக்கிறது என்று விடுதலை ஜெபமும் வைத்தார்கள். நான்கு பேர் சுற்றி நின்று, தலையைப் பிடித்துக் காதருகே கத்தினார்கள். அன்றிலிருந்து யாராவது சத்தமாக ஜெபித்தாலே எனக்கு மூச்சடைக்கிறது. ஆண்டவரை நான் விடவில்லை. ஆலயத்துக்குள் உட்காரத்தான் முடியவில்லை.

உதகை நர்ஸம்மா:

சகோதரி, நீங்கள் எழுதியதை நம்புகிறேன். நடந்தது உங்கள் குற்றம் இல்லை.

கழுத்தைப் பிடிப்பது உயிருக்கு ஆபத்தான அறிகுறி, தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் அதே வீட்டில் இருந்துகொண்டே நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். போன் அவர் கையில் சிக்கும் என்றால் இந்தப் பக்கத்தைப் படித்த தடத்தை அழித்துவிடுங்கள்.

படிக்கிற ஊழியர்களுக்கு: அடிக்கிறவரையும் அடி வாங்குகிறவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஆலோசனை செய்யவே கூடாது. தொட்டு ஜெபிப்பதற்கு முன் “தொடலாமா” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கையை எடுங்கள். பாதிக்கப்பட்டது சிறு பிள்ளை, பாலியல் குற்றம் என்றால் உங்கள் கமிட்டிக்கு அதில் எந்த வேலையும் இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சபை மானம் என்று மறைத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளுக்கு 1098.

ஜெபக்குழு கோத்தகிரி:

இந்தச் சகோதரிக்கு நடந்தது ஊழியம் கிடையாது, அதை நான் தெளிவாகச் சொல்கிறேன். ஆனால் ஐயா, எல்லாமே நோய் என்றால் விடுதலை ஊழியத்துக்கு இடமே இல்லையா? என் சொந்த அண்ணன் ஜெபத்தில்தான் குடியிலிருந்து எழுந்தார். அதை நான் மறுக்க முடியாது.

குன்னூர் ஓய்வு ஆயர்:

மறுக்க வேண்டாம் தம்பி, உங்கள் அண்ணனுக்காக ஸ்தோத்திரம். ஜெபத்தை யாரும் எடுத்துப்போடவில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொல்லாத ஜெபம், கத்தாத ஜெபம், ஆளைப் பிடித்து அமுக்காத ஜெபம் எங்கேயும் நல்லது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டி வைப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடைசெய்கிறது. மன்னிப்பைப் பற்றியும் ஒன்று: “உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் அவனுக்கு மன்னிப்பாயாக” என்று ஆண்டவர் சொன்னார். கடிந்துகொள்ளுதலும் மனஸ்தாபமும் எங்கே போயின? அடித்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் அடிபட்டவளிடம் கேட்கிறோம்.

அப்புறம் அந்த ஜெபக் குறிப்பு. மஞ்சூர் அண்ணன் சொன்னது சரியே. மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பெயரோடு ஒரு குறிப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பேசுவார்கள். “ஒரு சகோதரிக்காக” என்று சொன்னால் ஆண்டவருக்கு ஆள் தெரியாமல் போகுமா?

கூடலூர் ஊழியன்:

ஐயா, நான் இளம் ஊழியன். இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். யானை மிதித்து இறந்தவர்களின் வீட்டுக்கு முதலில் கூப்பிடுவது என்னைத்தான். உடம்பை எடுக்க வனத்துறைக்காரர்களோடு நிற்கிறேன், மறியல் நடந்தால் பேச நிற்கிறேன், அடக்க ஆராதனை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் செய்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி நாய் குரைத்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. துக்க வீட்டில் நிற்கும்போது எனக்குள் ஒன்றுமே அசைவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த உடல்கள்தான் கண்ணில் வருகின்றன. ஊழியனே இப்படி என்றால் சபையில் யாரிடம் சொல்வது?

குன்னூர் ஓய்வு ஆயர்:

தம்பி, சொன்னதற்கு நன்றி. மற்றவர்களின் துயரத்தைத் தொடர்ந்து சுமக்கிறவருக்கும் இது வரும். நர்ஸ், போலீஸ், தீயணைப்புக்காரர் எல்லோருக்கும் வருவது ஆயருக்கு மட்டும் வராது என்று எங்கே எழுதியிருக்கிறது?

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது தேவன் என்ன செய்தார்? பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். “உனக்கு இங்கே என்ன காரியம்” என்ற கேள்வி அதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. நீங்கள் வாரத்தில் ஒரு நாள் போனை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அடக்க ஆராதனைக்கு இன்னொரு சபை ஊழியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். டாக்டரைப் பாருங்கள். அதை மேலிடத்துக்கு மறைக்க வேண்டிய காரியமாக நினைக்காதீர்கள். என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

சேரம்பாடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பாஸ்டரிடம் நானும் பாஸ்டரம்மாவும் பேசினோம். நர்ஸம்மா எழுதியதை வாசித்துக் காட்டினோம். முதலில் நோட்டீஸ் அடித்தாயிற்றே என்றார். சகோதரி கேட்ட கேள்வியை அப்படியே சொன்னதும் அமைதியாகிவிட்டார். சாட்சி நிகழ்ச்சி ரத்து. அந்த நேரத்துக்கு 88ஆம் சங்கீதத்தை வாசித்து, உடல் கிடைக்காதவர்களுக்காகச் சபையாக நின்று ஜெபிக்கலாம் என்று அவரே சொன்னார். சகோதரிக்கு விருப்பமிருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம்.

டான்டீ பேத்தி சொன்ன மாதிரி, ஐந்தாறு பெண்கள் மட்டும் அவர் வீட்டில் கூடினோம். பையனின் போட்டோ வைத்தோம். முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் தானாக ராகம் இழுத்தார். சகோதரி அவர் மடியில் விழுந்து அழுதார். நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், மறுநாள் மழையில் மறுபடியும் விழித்துத்தான் இருந்தார். பெரிய மழை என்றால் எங்களில் இரண்டு பேர் முறை போட்டு அவர் வீட்டில் படுக்கிறோம்.

ஒரு கேள்வி. உதகைக்கு டாக்டரைப் பார்க்கப் போக அரை நாள் பஸ், ஒரு நாள் கூலி போகும். அதற்கு முன்னால் போனில் பேச வழி உண்டா?

உதகை நர்ஸம்மா:

உண்டு டீச்சர். 14416, டெலி மனஸ், அரசு சேவை, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். சபைக்கோ எஸ்டேட்டுக்கோ தெரியவராது. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். சிக்னல் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் இருங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அந்த டாக்டர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள், உதகை வரை போக வேண்டியிருக்காது. பையனையும் கூட்டிப்போங்கள். அவனும் செருப்போடு படுத்தவன்தானே.

கூடலூர் ஊழியன்:

ஐயாவோடு பேசினேன், டாக்டரையும் பார்த்தேன். இந்தப் பகுதியில் ஊழியம் செய்கிறவர்கள் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கூடலூரில் கூடி உட்காரலாம் என்று இருக்கிறோம். சிஎஸ்ஐ, கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பார்க்கப்போவதில்லை. பிரசங்கம் கிடையாது, அறிக்கை கிடையாது, பேசியது வெளியே போகாது. மதியம் சாப்பாடு உண்டு. வர விரும்புகிறவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள், இடத்தைச் சொல்கிறேன். ஊழியர்களின் மனைவிமாருக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று பாஸ்டரம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். அதை நடத்த யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும்.